அரை ஏக்கர் கூரையின் கீழ்: கோத்தகிரி மலையில் ஒரு கார்னேசன் பண்ணையும் அதன் பெண்களும்

கோத்தகிரி வட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு இடையே வெள்ளைக் கூரைகளாகத் தென்படும் பசுமைக்குடில்களுள் ஒன்று இந்த ஆய்வின் களம். பரப்பு ஏறத்தாழ அரை ஏக்கர், அதாவது இரண்டாயிரம் சதுர மீட்டர். பயிர் கார்னேசன் மட்டுமே; தண்டோடு வெட்டி அலங்காரத்துக்கு விற்கப்படும் கொய்மலர் அது. ஐந்து பெண்கள் அன்றாடம் வேலைக்கு வருகிறார்கள். மருந்து அடிக்கவும் சொட்டுநீர்க் குழாய்களைக் கவனிக்கவும் ஓர் ஆண் இருக்கிறார். உரிமையாளரின் குடும்பம் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வசிக்கிறது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இங்கே தரப்படவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கூலித் தொகையும் தெரிந்தே விடப்பட்டிருக்கிறது. சிறிய ஊரில் ஒரு பண்ணை கொடுக்கும் கூலியை எழுதினால் அது எந்தப் பண்ணை என்று மறுநாளே தெரிந்துவிடும். அதன் விளைவை அனுபவிப்பவர் எழுதியவராக இருக்கமாட்டார். ஒரு பண்ணையைப் பற்றிய எழுத்தாக இருந்தாலும், இதில் விவரிக்கப்படும் வேலைமுறை இந்த மலையின் சிறு பண்ணைகள் பலவற்றுக்கும் பொதுவானது.

ஐவரில் மூத்தவரை மற்ற நால்வரும் பெரியக்கா என்றே அழைக்கிறார்கள். உரிமையாளரின் மனைவியும் அப்படியே அழைக்கிறார். இந்த எழுத்திலும் அவர் பெரியக்காவாகவே வருகிறார்.

தேயிலையிலிருந்து பூவுக்கு

நீலகிரியின் கொய்மலர்ச் சாகுபடி பரவியதற்குத் தேயிலையின் விலைச்சரிவு பெரிய காரணம். இம்மலைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்தபின் சந்தை தடுமாறியது. 1990-களின் இறுதியில் பச்சைத்தேயிலையின் விலை பறிகூலிக்கும் உரத்துக்கும் கட்டாத நிலைக்கு இறங்கியது. அரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகளைக் கொண்ட மாவட்டம் இது. அவர்களில் வங்கிக்கடன் வாங்க முடிந்தவர்களும், சாலையை ஒட்டிக் கொஞ்சம் சமநிலம் வைத்திருந்தவர்களும் ஒரு துண்டு நிலத்தில் குடில் அமைத்துப் பார்த்தார்கள். 2005-06-ல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை இயக்கம் குடிலுக்கு மானியம் கொடுத்தது. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் அளவிலான உயரமும் குளிர்ந்த இரவும் கார்னேசனுக்குப் பொருந்தின. சமவெளியில் பணம் செலவழித்து உண்டாக்க வேண்டிய குளிர்ச்சி இங்கே இலவசமாகக் கிடைத்தது.

பெரியக்காவின் பெற்றோர் 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள். அப்படி வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு 1968-ல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டத்தில், பிற்காலத்துத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில், வேலை கிடைத்தது. மற்றவர்கள் சிறு விவசாயிகளின் நிலங்களில் கூலிக்குக் கொழுந்து பறித்தார்கள். பெரியக்காவின் குடும்பம் இரண்டாவது வகை. பள்ளிப்படிப்பை நடுவில் விட்டவர் தாயோடு கொழுந்து பறிக்கப் போனார். திருமணத்துக்குப் பிறகும் அதே வேலை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பூவில் இருக்கிறார்.

பூப்பண்ணை வேலையைத் தேயிலையோடு ஒப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் பெரிய எஸ்டேட்டையே மனத்தில் வைத்திருக்கிறார்கள்: லைன் வீடு, பிள்ளைக்காப்பகம், மருந்தகம், வருங்கால வைப்பு நிதி, தீபாவளி போனஸ், தொழிற்சங்கம். அந்தப் படத்தின் முன் பூப்பண்ணை தோற்றுத்தான் போகும். ஆனால் பெரியக்கா இவற்றில் எதையும் அனுபவித்தவர் அல்லர். அவர் அறிந்த தேயிலை, சிறு விவசாயியின் தேயிலை. கிலோ கணக்கில் கூலி, முதுகில் ஈர இலையின் சுமை, காலில் அட்டை, மழைக்குப் பிளாஸ்டிக் தாள், புதருக்குள் எப்போது எதிர்ப்படும் என்று தெரியாத காட்டுமாடும் கரடியும். அதிலிருந்து வருபவருக்குப் பூப்பண்ணை ஒரு படி மேல். தலைக்கு மேல் கூரை இருக்கிறது. முதுகில் சுமை இல்லை. இலை குறைந்த நாளில் கூலியும் குறையும் என்ற கணக்கு இல்லை. மறுபடி கொழுந்து பறிக்கப் போவீர்களா என்று கேட்டால் அவர் இல்லை என்பதை யோசிக்காமல் சொல்கிறார். இந்த வேலையின் குறைகளைப் பேசுமுன் இந்தப் பதிலை எடை போட்டாக வேண்டும்.

மொட்டு கிள்ளும் கை

ஆயிரம் சதுர மீட்டரில் ஏறக்குறைய இருபதாயிரம் கார்னேசன் செடிகள் நிற்கும். அரை ஏக்கர் என்றால் நாற்பதாயிரம். நட்ட சில வாரங்களில் நுனி கிள்ளப்படுகிறது; அதனால் பக்கக் கிளைகள் வெடித்து ஒவ்வொன்றும் ஒரு தண்டாகிறது. நான்கைந்து மாதங்களில் முதல் பூ வரும். பிறகு அலை அலையாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பூத்துக்கொண்டிருக்கும். அதன்பின் செடிகளைப் பிடுங்கிப் பாத்தியைச் சுத்தம் செய்து புது நடவு.

ஒற்றைப் பூ வகையில் ஒரு தண்டின் உச்சியில் இருக்கும் மொட்டு மட்டுமே வளர வேண்டும். அதற்குக் கீழுள்ள கணுக்களில் எழும் பக்க மொட்டுகள் பட்டாணி அளவுக்கு வரும்போதே கிள்ளப்பட வேண்டும். முந்திக் கிள்ளினால் உச்சிமொட்டின் கழுத்து காயப்படும். பிந்தினால் சத்து பிரிந்து பூ சிறுக்கும், கிள்ளிய இடம் வடுவாகத் தண்டில் தெரியும். கொத்துப்பூ வகையில் இது அப்படியே தலைகீழ்: உச்சிமொட்டைக் கிள்ளிவிட்டுப் பக்க மொட்டுகளை விட வேண்டும். இரண்டு வகையும் அடுத்தடுத்த பாத்திகளில் நிற்கும் பண்ணையில், ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் திரும்பும்போது கை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குக் கத்தியோ கத்தரியோ பயன்படுவதில்லை. கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலுமே கருவி. கையுறை போட்டால் மொட்டின் கழுத்து விரலுக்குத் தெரியாது என்பதால் யாரும் போடுவதில்லை. செடிச்சாறு பட்டு நகத்தின் ஓரம் கறுத்துப் போகிறது.

மொட்டு கிள்ளுதல் ஒரு வேலைதான். அதைச் சுற்றி வேறு பல. கார்னேசனின் தண்டு தானாக நேரே நிற்காது. பாத்திக்கு மேல் நான்கைந்து அடுக்காக வலை கட்டி, வளர வளர ஒவ்வொரு தண்டையும் வலையின் கண்ணுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாமல் விட்ட தண்டு வளைந்து, தரம் பிரிக்கும்போது கீழ்த்தரத்துக்குப் போய்விடும். கோத்தகிரியைப் போல் பகலும் இரவும் வெப்பத்தில் வெகுவாக வேறுபடும் இடத்தில் புல்லிவட்டம் வெடித்து இதழ்கள் ஒரு பக்கமாகச் சரிவது உண்டு. அப்படி வெடிக்கும் அறிகுறி தெரியும் மொட்டுகளுக்குச் சிறிய ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள். எந்த மொட்டு வெடிக்கும் என்பதைப் பெரியக்கா தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறார். புதிதாக வந்தவர் எல்லா மொட்டுக்கும் மாட்டி நேரத்தை வீணாக்குவார், அல்லது மாட்ட வேண்டியதை விட்டுவிடுவார்.

அறுவடையும் கண்ணின் வேலை. உச்சிமொட்டின் இதழ்கள் நேராக எழுந்து தூரிகை முனைபோல் நிற்கும் பருவத்தில் வெட்ட வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே தண்ணீர் வாளியில் நிறுத்தி, பிரிக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தண்டின் நீளம், விறைப்பு, பூவின் அகலம் பார்த்துத் தரம் பிரித்து, அடியிலைகளை உருவி, இருபது தண்டுக்கு ஒரு கட்டாகக் கட்டி, செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். முதல் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையிலான விலை வித்தியாசம், ஒரு பெண்ணின் விரல் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு மொட்டில் செய்ததையும் செய்யாததையும் பொறுத்தது. அந்த விலையைச் சந்தை கொடுக்கிறது, உரிமையாளர் பெறுகிறார், விரலுக்கு வரும் கூலி இரண்டு தரத்துக்கும் ஒன்றுதான். கூலிக் கணக்கில் இந்த வேலை களையெடுப்புக்கு நிகரான பெண்ணாள் வேலையாகவே எழுதப்படுகிறது.

ஆணுக்குத் தனி விகிதம். மருந்து அடிப்பதும் கூரையேறிப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுவதும் கடினமான, ஆபத்தான வேலைகள் என்பதில் ஐயமில்லை. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இந்தப் பண்ணையில் எந்த ஆணும் மொட்டு கிள்ளுவதில்லை. எந்தப் பெண்ணும் மருந்து அடிப்பதில்லை. ஒப்பிடுவதற்கு ஒத்த வேலையே இல்லாமல் போவதால் சட்டத்தை மீறாமலேயே வித்தியாசம் நீடிக்கிறது.

இடையில் ஒரு சிறு குறிப்பு. மே மாதத்தில் உதகை அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க்காட்சியில் ஆயிரக்கணக்கான கார்னேசன்களைக் கொண்டு பெரிய உருவங்கள் எழுப்பப்படுகின்றன. வரிசையில் நின்று படமெடுக்கும் கூட்டம் பெரிது. இந்த ஐவரில் யாரும் கார்னேசனைத் தலையில் வைப்பதில்லை. அவர்கள் வைப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மல்லிகை, இல்லாவிட்டால் வீட்டு வாசலில் பூத்த டிசம்பர் பூ.

உடலின் கணக்கு எளிமையானது. இளஞ்செடிப் பருவத்தில் குனிந்தே நிற்க வேண்டும். செடி உயர்ந்தபின் கையைத் தோளுக்கு மேல் தூக்கியபடி. பாத்திகளுக்கு இடையிலான தடம் ஒரு ஆள் நடக்கும் அகலம் மட்டுமே, உட்கார இடமில்லை. கட்டைவிரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் வலி, கழுத்தில் இறுக்கம், இரவில் விரல் மரத்துப்போதல் ஆகியவற்றை ஐவரில் மூத்த மூவரும் சொல்கிறார்கள். பங்குனி, சித்திரையில் நண்பகலில் தாளுக்குள் புழுக்கம் தாங்காது. வேர்த்த உடம்போடு வெளியே வந்தால் மலைக்காற்று நெஞ்சில் அடிக்கும். கழிவறை இல்லை. தேயிலைப் புதருக்குள்தான் போக வேண்டும். போகும்போது இருவராகப் போகிறார்கள், காட்டுமாட்டுக்குப் பயந்து. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது இதன் இன்னொரு விளைவு. புழுக்கத்தில் வேலை செய்யும் உடலுக்கு அது நல்லதல்ல என்பது அவர்களுக்கும் தெரியும்.

மருந்து

குடிலின் வாசலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் நிரப்பிய சிறு தொட்டி இருக்கிறது. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அதில் காலை நனைத்துத்தான் நுழைய வேண்டும். கார்னேசனுக்கு எமனான ஃபியூசேரியம் வாடல் நோய் மண்ணின் வழியாகப் பரவுவது. வெளிமண் உள்ளே வரக்கூடாது. இந்தத் தொட்டியைப் பண்ணை ஒருநாளும் காயவிடுவதில்லை. ஆட்களிடமிருந்து செடியைக் காக்கும் ஏற்பாடு இவ்வளவு ஒழுங்காக நடக்கும் இடத்தில், செடியின் மேலுள்ள மருந்திலிருந்து ஆட்களைக் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

சிவப்புச் சிலந்திப்பேன், இலைப்பேன், பூஞ்சாணம் ஆகிய மூன்றுக்கும் மாறி மாறி மருந்து அடிக்கப்படுகிறது. பூவில் ஒரு புள்ளி இருந்தாலும் தரம் இறங்குவதால் உணவுப்பயிரில் பொறுத்துக்கொள்ளும் சேதத்தைக்கூட இங்கே பொறுப்பதில்லை. உண்ணும் பொருள் அல்ல என்பதால் எச்சத்தைச் சோதித்துப் பெட்டியைத் திருப்பி அனுப்புபவரும் இல்லை. மருந்து அடிக்கும் ஆண் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பெண்கள் கிளம்பிய பிறகு மாலையில் அடிக்கிறார். சில நாள் காலையிலும் அடிப்பது உண்டு. எவ்வளவு நேரம் கழித்து உள்ளே போகலாம் என்பதற்கு விதி எதுவும் இல்லை. வாடை அடங்கினால் போகலாம் என்பதே நடைமுறை. அன்று கிள்ள வேண்டிய மொட்டு நாளைக்குக் காத்திராது என்பதால், வாடை அடங்கிவிட்டதா என்ற தீர்ப்பும் வேலையின் அவசரத்தைப் பொறுத்தே அமைகிறது.

1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் மருந்துப் புட்டியின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களை வைத்து நச்சின் அளவைக் காட்டச் சொல்கின்றன. மருந்தைத் தயாரிப்பவர், கொண்டுசெல்பவர், விற்பவர், தெளிப்பவர் ஆகியோருக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்கின்றன. தெளித்து முடித்த செடிகளுக்குள் மறுநாள் முழுக்க வெறுங்கையோடு நிற்பவர் இந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பண்ணையில் புட்டியையும் முக்கோணத்தையும் பார்ப்பவர் ஆண். அதிக நேரம் மருந்தோடு தோல் உரசுபவர்கள் பெண்கள். அமெரிக்காவில் தெளித்தபின் வயலுக்குள் நுழையத் தடைசெய்யப்பட்ட கால அளவு ஒவ்வொரு மருந்தின் சீட்டிலும் அச்சிடப்பட வேண்டும் என்ற ஏற்பாடு நெடுநாளாக உள்ளது.

ஆபத்து எவ்வளவு என்பதற்குப் பிற நாடுகளில் சான்றுகள் உண்டு. எக்வடோரின் வடக்கு மலைப்பகுதியில், கருவுற்றிருந்தபோது தாய்மார் பூப்பண்ணையில் வேலை செய்த பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து 2010-ல் வெளியான ஆய்வு, கை இயக்கம், பார்த்ததை நினைவில் வைத்தல் போன்றவற்றில் அக்குழந்தைகள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்ததாகக் கண்டது. சிறிய ஆய்வுதான், என்றாலும் தாய்மார் மருந்து தெளிப்பவர்கள் அல்லர், பூ வேலை செய்பவர்கள் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. ஸ்பெயினில் கார்னேசன் தொழிலாளர்களிடம் அந்தப் பூவே உண்டாக்கும் ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் பதிவாகியுள்ளன. செடியிலுள்ள சிலந்திப்பேனும் பசுமைக்குடில் ஆட்களுக்கு ஒவ்வாமை தருவதாக அறியப்பட்டது. இந்தப் பண்ணையில் ஒருவருக்கு முன்கையில் ஓயாத அரிப்பு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

ஹெக்டேரில் அளக்கும் சட்டம்

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலக்காய் முதலிய பயிர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிற்காலத் திருத்தத்தின்படி ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் அதன் அளவுகோலாக இருந்தன. கழிவறை, குடிநீர், வீடு, மருத்துவம் எல்லாம் அந்த அளவை எட்டினால்தான் கிடைத்தன. பழைய சட்டங்களை ஒன்றாக்கி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பும் தோட்டத்துக்கு ஐந்து ஹெக்டேர் என்ற அளவையே வைத்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மானியத்தின் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். 2014-15-ல் வந்த ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம், ஒருவருக்கு 4,000 சதுர மீட்டர் வரையிலான குடிலுக்குச் செலவில் பாதியை மானியமாகக் கொடுத்தது. நாலாயிரம் சதுர மீட்டர் என்பது 0.4 ஹெக்டேர். அதாவது, அரசு தன் பணத்தைப் போட்டு வளர்த்த பண்ணையின் உச்ச அளவு, தொழிலாளர் சட்டம் கண் திறக்கும் அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கைவிடச் சிறியது. சிறு விவசாயிக்கே மானியம் போய்ச் சேர வேண்டும் என்ற நியாயமான நோக்கத்தில் வைத்த வரம்புதான் அது. ஆனால் அதன் பக்கவிளைவாக, இந்தத் தொழிலின் பெண்கள் அனைவரும் எந்தத் தோட்டச் சட்டத்துக்கும் எட்டாத அளவிலான இடங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். நிலத்தின் பரப்பைக் கொண்டு வேலையிடத்தை அளப்பது தேயிலைக்குப் பொருந்தும். நாற்பதாயிரம் செடிகளை அரை ஏக்கரில் நெருக்கி வைக்கும் பயிருக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம்.

மற்றச் சட்டங்களிலும் நிலை இதுவே. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்ட 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தொழிற்சாலை, தோட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்று போனது. ஐவர் வேலை செய்யும் குடில் அதில் இருந்ததில்லை. இளையவர் ஒருவர் கருவுற்றபோது ஏழாம் மாதத்தில் நின்றுகொண்டார். மாநில அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி கிடைத்தது. பண்ணையிலிருந்து எதுவும் வரவில்லை, கேட்கவும் இல்லை. பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம், பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்காக மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழுவை வைத்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை ஐவரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. குறைந்தபட்சக் கூலி மட்டும் அளவு பாராமல் பொருந்தும். அதையும் வந்து சரிபார்ப்பவர் இல்லை.

கொலம்பியாவிலும் கென்யாவின் நைவாஷாவிலும் பூத்தொழிலில் பெண்களே பெரும்பான்மை. அங்கே நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஆட்களை வைத்த பண்ணைகள் உள்ளன. சங்கம் வைக்க ஒரே இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய வாங்குநர்கள் நியாய வணிகச் சான்று கேட்கிறார்கள். நீலகிரிப் பூ சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கல்யாண மேடைக்குப் போகிறது. மேடை அலங்காரம் செய்பவர் நிறத்தையும் விலையையும் கேட்பார். யார் கிள்ளியது என்று கேட்கமாட்டார். ஆகவே, அந்த நாடுகளில் பயன்பட்ட வழிகளை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

முகூர்த்தமும் முடக்கமும்

பெண்களின் வேலைநாட்களைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை; விலை இறங்கும், இருவரை நிறுத்தி வைப்பார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிப்ரவரி 14, தை முகூர்த்தங்கள் வந்தால் அதிகாலையிலேயே வர வேண்டும். பெட்டி போகும் வழியும் நேரத்தை இறுக்குகிறது. கூடலூர் வழியாக மைசூருக்குப் போகும் சாலையில் பந்திப்பூர்க் காட்டுக்குள் 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை உண்டு. அவ்வழியில் அனுப்புவதானால் பிற்பகலுக்குள் பெட்டி கட்டி முடித்தாக வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வழியாக அனுப்பினால் இரவுப் பேருந்தைப் பிடிக்கலாம். அன்றைக்கு வேலை இருட்டும்வரை நீளும். நீண்ட நேரத்துக்குத் தேநீரும் வடையும் உண்டு, தனிக்கூலி உண்டா என்பது அன்றைய விலையைப் பொறுத்தது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து 2024-ல் மலைக்கும் வந்தது இங்கே பெரிய ஆறுதல். ஆனால் கடைசிப் பேருந்து போனபின் ஜீப்புக்குக் கொடுக்க வேண்டியது கைக்காசு.

2020 மார்ச் 25 முதல் முழு முடக்கம் வந்தபோது கல்யாணங்கள் நின்றன; பேருந்துகள் நின்றன. பூ நிற்கவில்லை. வெட்டாமல் விட்டால் முதிர்ந்த பூவில் நோய் ஏறி அடுத்த அலையும் கெடும் என்பதால், விற்க முடியாத பூவையும் வெட்டித்தான் ஆக வேண்டும். நடந்து வரக்கூடிய இருவர் மட்டும் அழைக்கப்பட்டார்கள். காலையில் வெட்டி, பிற்பகலில் குழியில் கொட்டினார்கள். அவர்களுக்கு அரைக்கூலி. மற்ற மூவருக்கு நியாயவிலைக்கடை அரிசியும் குழுக்கடன் தவணைக்கு வட்டியும். உரிமையாளருக்கும் அந்த ஆண்டு பெரிய அடிதான். வங்கித் தவணை அவருக்கும் நிற்கவில்லை. ஆனால் கடன் மறுசீரமைப்பு, தவணை தள்ளிவைப்பு என்ற பேச்செல்லாம் நிலத்தின் பெயரில் கடன் வைத்திருந்தவரோடு நடந்தது. பட்டா இல்லாதவர் இந்தத் தொழிலின் இழப்புக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இடம் பெறவில்லை.

செய்யக்கூடியதாக ஒன்று தெரிகிறது. மானியம் விடுவிக்குமுன் தோட்டக்கலைத் துறை அலுவலர் குடிலுக்கு நேரில் வந்து குழாயின் தடிமனையும் தாளின் மைக்ரானையும் அளக்கிறார். தாள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. அதற்கான உதவிக்கும் அலுவலர் வருகிறார். தொழிலாளர் துறை எட்டிப் பார்க்காத இடத்துக்குள் அரசின் சார்பில் ஏற்கெனவே ஒருவர் நுழைகிறார் என்பதுதான் இதில் முக்கியம். அவருடைய படிவத்தில் கழிவறை உண்டா, கை கழுவ இடம் உண்டா, மருந்து அடித்த நாளும் நேரமும் வாசலில் எழுதப்படுகின்றனவா என்ற மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வாசலில் பலகை தொங்கினால் பெரியக்கா படித்துக்கொள்வார். கழிவறையின் செலவு ஒரு முறை தாள் மாற்றும் செலவில் சிறு பகுதி. உரிமையாளரிடம் பேசியபோது அவர் இதை மறுக்கவில்லை. பணம் வரும்போது பார்க்கலாம் என்றார்.

கூலி ஏறிய விதம்

இந்தப் பண்ணையில் கூலி கேட்டு ஏறியது ஒரே முறை. முடக்கத்துக்குப் பிறகு முகூர்த்தங்கள் திரும்பியபோது, ஐவரில் இருவர் கட்டட வேலைக்கும் விடுதி ஒன்றின் சுத்தப் பணிக்கும் போய்விட்டார்கள். விடுதியில் சம்பளம் மாதக் கணக்கு. அவர்களுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட புதியவர்கள் கொத்துப்பூப் பாத்தியில் பக்க மொட்டுகளைக் கிள்ளி எறிந்தார்கள். ஒரு அலை முழுவதும் மூன்றாம் தரமாகப் போனது. அதன்பிறகு உரிமையாளரே போய் இருவரில் ஒருவரைக் கூட்டிவந்தார். ஐவருக்கும் கூலி ஏறியது. ஆண்டு இறுதியில் ஒரு தொகை என்ற பேச்சும் அப்போதுதான் தொடங்கியது. இரண்டு தீபாவளிக்குக் கிடைத்திருக்கிறது.

பெரியக்காவின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பூவுக்கு வரமாட்டாள். மற்ற நால்வரின் பிள்ளைகளும் வரமாட்டார்கள். தேயிலையில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் வேலை செய்வதைப் பார்த்து, பூவுக்கும் அப்படி ஆட்களைக் கொண்டுவரலாமா என்று உரிமையாளர் விசாரித்துவருகிறார். கிள்ளப் பழகுவதற்கு ஒரு முழு அலையாவது வேண்டும், அதுவரை பழக்குபவர் கூடவே நிற்க வேண்டும் என்று பெரியக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். பழக்குவதற்குத் தனிக்கூலி கேட்டிருக்கிறார். அடுத்த நடவு கார்னேசனா, குடைமிளகாயா என்பது முடிவான பிறகு அதைப் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது.